இரண்டாம் பாகத்துக்கு ஒரு முடிவு

கதவைத் தள்ளியதும் உள்ளே கேட்டுக்கொண்டிருந்த பேச்சு பட்டென்று நின்றது. சுருட்டைக்குச் சந்தேகம் தட்டியது அங்கேதான்.

"யாருடி போன்ல?"

"பதிப்பகத்துலேர்ந்து" என்றாள் எழுத்தாளினி, போனைக் கவிழ்த்து வைத்தபடி.

எழுத்தாளினி என்று பட்டப்பெயர் வைத்ததே சுருட்டைதான். கல்லூரி முடிந்ததிலிருந்து இருவருக்கும் ஒரே அறை, ஒரே சோப்பு. இருவர் வாழ்க்கையையும் கலந்துகட்டி எழுத்தாளினி எழுதிய முதல் நாவல் சக்கைப்போடு போட்டது. அதில் வரும் வாயாடிச் சுருட்டைமுடிக்காரி கடைசிப் பக்கத்தில் காதலனோடு கைகோத்து நிற்பாள். கல்யாணம் ஆச்சா இல்லையா என்று வாசகிகள் துளைத்தெடுக்க, இரண்டாம் பாகம் கேட்டுப் பதிப்பகம் ஒற்றைக்காலில் நின்றது.

நிஜக் காதலன் மூக்குக்கண்ணாடிக் கடையில் பார்வை சோதிப்பவன். கொஞ்ச நாளாக அவனும் சரியில்லை. "வேலை ஜாஸ்தி" என்பான், எங்கேயோ பார்த்துக்கொண்டு. அவனுக்காகத்தான் சுருட்டை, தான் வேலை பார்க்கும் அழகு நிலையத்தின் வெளியூர்க் கிளையை ஏற்று நடத்தும் வாய்ப்பையே வேண்டாமென்று சொல்லியிருந்தாள்.

மறுநாள் காலையில் சீப்பைத் தேடி எழுத்தாளினியின் பையைத் துழாவியபோது, அந்தக் கடையின் பெயர் அச்சிட்ட கண்ணாடி துடைக்கும் துணி கையில் தட்டுப்பட்டது.

"கண்ணாடியே போடாத உனக்கு இது எதுக்குடி?"

"போன் துடைக்க" என்று சொல்லிவிட்டு எழுத்தாளினி குளியலறைக்குள் நழுவினாள்.

அன்று மதியம் வரை சுருட்டைக்குக் கத்தரியே ஓடவில்லை. ஒரு வாடிக்கையாளரின் முன்முடியைக் கோணலாக வெட்டி வாங்கிக் கட்டிக்கொண்டாள். சாப்பாட்டு நேரத்தில் நேரே கண்ணாடிக் கடைக்கு நடந்தாள்.

சோதனை அறைக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே எழுத்துப் பலகை வெளிச்சத்தில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள்.

"என்ன, எழுத்தெல்லாம் நல்லாத் தெரியுதா?" என்றாள் சுருட்டை வாசலில் நின்றபடி.

இருவரும் விழுந்தடித்து எழுந்தார்கள். எழுத்தாளினி அவன் பக்கம் திரும்பினாள். "இப்பவாவது வாயைத் தொறக்குறியா?"

அவன் எழுத்துப் பலகையின் விளக்கை அணைத்தான். "எனக்கு வெளியூர்ல வேலை கெடச்சிருக்கு. அடுத்த மாசம் போறேன். கல்யாணமெல்லாம்... எனக்கு ஒத்து வராது. உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

சுருட்டை வெளியே வந்து நடந்தாள். எழுத்தாளினி ஓடிவந்து சேர்ந்துகொண்டாள்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"கதையை முடிக்கணுமேன்னு, எப்போ கல்யாணம்னு அவன்கிட்ட கேட்டேன். மூஞ்சி செத்துப்போச்சு. நீயே அவகிட்ட சொல்லுன்னு போன்லயும் நேர்லயும் உயிரை எடுத்துக்கிட்டிருந்தேன்டி."

அது தனக்காகவா, புத்தகத்துக்காகவா? சுருட்டை நின்றாள். "இதை எழுதுவியா?"

பதில் வரக் கொஞ்சம் தாமதமானது. அந்தத் தாமதம்தான் அவளுக்கு அவன் சொன்னதைவிட அதிகமாக வலித்தது.

"நீ வேணாம்னா எழுத மாட்டேன்."

"வேணாம்."

"சரி."

அன்று மாலையே சுருட்டை முதலாளியம்மாவிடம் போய், வெட்கத்தை விட்டுக் கேட்டாள். வெளியூர்க் கிளையில் அதற்குள் வேறொருத்தி பொறுப்பேற்றிருந்தாள். அவளுக்குக் கீழே கொஞ்ச நாள் வேலை பார்த்து, பிறகுதான் அந்த நாற்காலி சுருட்டைக்குக் கிடைத்தது.

இரண்டாம் பாகம் வந்தபோது அவள் அதை வாங்கவில்லை. முடி வெட்டிக்கொள்ள வந்த ஒரு பெண்ணின் மடியில்தான் முதலில் பார்த்தாள்.

"இதுல அந்தச் சுருட்டைமுடிக்காரி என்ன ஆனா?" என்று, ஒன்றும் தெரியாதவள்போலக் கேட்டாள்.

"முதல் பக்கத்துலயே வெளியூர் போயிடறாக்கா. அப்புறம் ஆளையே காணோம். எனக்குப் பிடிக்கவே இல்ல."

சுருட்டை கத்தரியை வைத்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள். சாயங்காலம் எழுத்தாளினிக்குப் போன் போட்டாள். "ஏன்டி, ஒரு பக்கத்துக்கு மேல நான் தேற மாட்டேனா?"