பதினொன்றாம் கட்டில் நோயாளி

மனநலப் பிரிவில் இருப்பதே பத்துக் கட்டில்கள். ரேடியோ தன் கேஸ் ஷீட்டில் பதினொன்று என்று எழுதித் தொலைத்தான்.

வாய் ஓயாததால் மருத்துவக் கல்லூரி வகுப்பு அவனுக்கு வைத்த பெயர் ரேடியோ. நோயாளியிடம் பேசிக் குறிப்பெடுக்க வேண்டிய நேரத்தைக் கேண்டீனில் கதையளந்தே தீர்த்துவிட்டான். கடைசிப் பத்து நிமிடத்தில் மாடிப்படியில் உட்கார்ந்து ஒரு நோயாளியை இட்டுக்கட்டினான். இட்டுக்கட்டவும் சரக்கு வேண்டுமே. கைக்கெட்டியதை எடுத்துப் போட்டான்: ‘வயது இருபத்திரண்டு. மாணவன். மூன்று மாதமாகத் தூக்கமில்லை. கூட்டத்தில் சிரிக்கிறான். குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறான்.’

பேராசிரியர் சத்தமாக வாசித்தார். “பதினொன்னாம் கட்டில் எங்கப்பா இருக்கு? காட்டேன், நானும் பார்க்கிறேன்.”

“இவனேதான் சார் அந்தக் கேஸ்! நட்டு கழண்டு நாளாச்சு,” என்றான் அறைத்தோழன். வகுப்பு கொல்லென்று சிரித்தது. எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவன் ரேடியோ. ஒலிபரப்பு தடைப்படக்கூடாதல்லவா?

மாலையில் அறைத்தோழனைக் கேட்டான். “மச்சான், அந்த மாதிரி ஒருத்தன் மனசுக்கு மாத்திரை சாப்பிட்டா, அப்புறம் டாக்டராக முடியுமா?”

“ஆரம்பிச்சிட்டான்யா! முதல்ல நீ பாஸாகுற வழியைப் பாரு,” என்று சொல்லிவிட்டு அவன் பாட்டுக் கேட்க ஹெட்போனை மாட்டிக்கொண்டான்.

அக்காவுக்குப் போன் போட்டு அதையே கேட்டான்.

“ஏன்டா கண்டதையும் கேக்குற? சாப்பிட்டியா? நல்லாத் தூங்கு, சரியாயிடும்.”

தூக்கம் வந்தால் அவன் எதற்குப் போன் போடப்போகிறான்? இருநூறு பேர் இருக்கும் விடுதி. வராந்தா முழுக்கப் பேச்சுச் சத்தம். குழாயைத் திறக்கக்கூட அவனுக்குத் தெம்பில்லை.

மறுநாள் நூலகத்தில், வகுப்பிலேயே முதல் மார்க் வாங்குகிறவள் எதிரே வந்து உட்கார்ந்தாள். நோட்ஸ் கடன் கேட்பதைத் தவிர அவளிடம் அவன் பேசியதே இல்லை.

“நேத்து நீ எழுதினது கற்பனை மாதிரி தெரியலையே.”

“அது... என் ஃப்ரெண்டு ஒருத்தன்.”

“சரி, ஃப்ரெண்டு. எப்படி இருக்கான்?”

நகைச்சுவை ஒன்றும் கைகொடுக்கவில்லை. “நல்லா இல்ல,” என்றான். “மாத்திரை சாப்பிட்டா அவன் டாக்டராக முடியுமா?”

அவள் சுற்றுமுற்றும் பார்க்கவில்லை, குரலையும் தாழ்த்தவில்லை.

“முடியும். ரெண்டாம் வருஷம் நான் பரீட்சைக்கு வரலையே, மஞ்சள் காமாலைன்னு சொன்னேனே, அது காமாலை இல்ல. அப்போலேருந்து நானும் மாத்திரை சாப்பிடுறேன்.”