இரண்டாவது பிஸ்கட்

என் முன்னாள் கணவனுக்கு மனித மனம் அத்துப்படி. கல்லூரியில் ஆளுமையைப் பற்றிப் பாடம் எடுக்கிறான். யாரைப் பார்த்தாலும் ஒரு காபி குடித்து முடிப்பதற்குள் அவர் இன்ன ரகம் என்று சொல்லிவிடுவான். பெற்ற மகள் எந்த வகுப்பில் படிக்கிறாள் என்று கேட்டால்தான் முழிப்பான். அதே துறையில், அவனுக்கு எதிர் அறையில், நான் குழந்தை வளர்ச்சி எடுக்கிறேன். விவாகரத்து ஆகியும் இருவருக்கும் ஒரே காபி மெஷின்தான். அவன் செருப்புச் சத்தம் கேட்டால் வேண்டுமென்றே மெதுவாகக் காபி பிடிப்பேன்.

அவனுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்ததும் சண்டை முற்றியது. மகளையும் தன்னோடு கூட்டிக்கொண்டு போவானாம். அவளுக்கு ஆறு வயது. நறுக்கென்று பேசுவதால் வீட்டில் அவளுக்குக் குண்டூசி என்று பெயர்.

"உன்கிட்ட வளர்ந்து அவளுக்குச் சுயக்கட்டுப்பாடே இல்லாம போச்சு. கேட்டதெல்லாம் வாங்கிக் குடுத்துக் கெடுத்து வச்சிருக்க" என்றான், மாணவர்கள் போய்வரும் வராந்தாவில் வைத்து.

"நீ அவளைப் பார்த்தே பல மாசம் ஆச்சு. எப்படிக் கண்டுபிடிச்ச, ஜோசியம் பார்த்தியா?"

"அப்ப சோதிச்சுப் பார்த்துடலாமா?"

வேறு தொழில் செய்கிற அப்பா அம்மா யாரும் இந்தக் கூத்துக்குச் சம்மதித்திருக்க மாட்டார்கள். நான் சம்மதித்தேன். குழந்தை முன்னால் ஒரு பிஸ்கட்டை வைத்து, 'நான் திரும்பி வரும்வரை சாப்பிடாமல் இருந்தால் இரண்டு' என்று சொல்லிவிட்டு வெளியே போக வேண்டும். ஆசையை அடக்கிக் காத்திருக்கிறதா என்று பார்ப்பதுதான் சோதனை. இதை வைத்து ஒரு குழந்தையை எடை போட்டுவிடாதீர்கள் என்று முதலாண்டுப் பிள்ளைகளிடம் வருடா வருடம் தொண்டை வறளச் சொல்கிறேன். அதே வாயால்தான் சரி என்றேன். குண்டூசி காத்திருந்தால் என்னோடு இருப்பாள். தின்றுவிட்டால் அவனோடு போவாள். வக்கீலைவிட இது சீக்கிரம் முடிந்துவிடும் என்றான் அவன்.

நான் ஒன்றும் ஏமாளி இல்லை. அன்று முதலே வீட்டில் பயிற்சி கொடுக்க ஆரம்பித்தேன். முதல் நாள் பிஸ்கட்டைத் தின்றுவிட்டாள். அடுத்த நாளிலிருந்து இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு, சிலை மாதிரி உட்கார்ந்திருந்தாள். கதவிடுக்கு வழியே பார்த்துப் பார்த்துப் பூரித்துப் போனேன். வாடா, வந்து வாங்கிக் கட்டிக்கொண்டு போ என்று மனதுக்குள் அவனை அழைத்தேன்.

சோதனைக்குத் துறையின் கவனிப்பு அறையை எடுத்துக்கொண்டோம். சின்ன அறை, ஒரு மேஜை, ஒரு நாற்காலி. சுவரில் பெரிய கண்ணாடி. அந்தப் பக்கம் இருட்டறையில் நிற்பவர்களுக்கு இந்த அறை முழுதும் தெரியும். இந்தப் பக்கம் இருக்கும் குழந்தைக்குத் தன் முகம் மட்டும்தான் தெரியும்.

"குழந்தைகிட்ட நான்தான் பேசுவேன். நீ கண்ணால ஜாடை காட்டிடுவ" என்றான்.

"தாராளமா பேசு. யார் பேசினாலும் ஜெயிக்கப் போறது அவதான்" என்றேன்.

சாக்லேட் பூசிய பிஸ்கட்டை மேஜைமேல் வைத்தான். "அப்பா கொஞ்ச நேரத்துல வந்துடுவேன். அதுவரைக்கும் சாப்பிடாம இருந்தா இன்னொண்ணு தருவேன், சரியா?" என்றான். குண்டூசி தலையாட்டினாள்.

இருட்டறையில் தோளோடு தோள் இடிக்க நின்றோம். புதிதாக ஏதோ சென்ட் போட ஆரம்பித்திருக்கிறான், குமட்டியது. நாங்கள் காதலித்ததும் இதே இருட்டில்தான். அப்போதே விளக்கைப் போட்டுப் பார்த்துத் தொலைத்திருக்க வேண்டும்.

நாங்கள் வந்து நின்று ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. குண்டூசி பிஸ்கட்டை எடுத்தாள். கதவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவசரமில்லாமல் கடித்து, நிதானமாக மென்று, விரலை நக்கி, மேஜையில் விழுந்த தூளைக்கூடப் பொறுக்கி வாயில் போட்டுக்கொண்டாள்.

"அவ்வளவுதான்" என்று சிரித்தான். "பெட்டியை எப்ப கட்டுற?"

அவளுடைய பிரஷ் இல்லாத குளியலறை கண்முன் வந்து நின்றது. அவனை அறைந்துவிடலாம் போலிருந்தது. என்னையும்தான். என் மகளை ஒரு பிஸ்கட்டுக்குப் பந்தயம் வைத்துத் தோற்றிருக்கிறேன்.

அவன் வெற்றிக் களையோடு உள்ளே போனான். இரண்டாவது பிஸ்கட்டும் கையில்தான் இருந்தது. நானும் பின்னாலேயே போனேன்.

குண்டூசி அவனைப் பார்த்ததும் கண்ணை அகல விரித்தாள். "அட, வந்துட்டீங்களா!"

"அப்பாதான் வரேன்னு சொன்னேனே கண்ணு. அதுக்குள்ள ஏன் சாப்பிட்ட?"

"நீங்க வர மாட்டீங்கன்னு நெனச்சேன்."

"ஏன் அப்படி நெனச்ச?"

"எப்பவும் வரேன்னுதானே சொல்வீங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. வெயிலடிக்கிறது என்று சொல்வது மாதிரி சொன்னாள். "பிறந்தநாளுக்கு வரேன்னீங்க. பாட்டுப் போட்டிக்கு வரேன்னீங்க. நான் வாசல்லயே நின்னேன், மிஸ் வந்து கூட்டிட்டுப் போனாங்க."

அவன் முகத்தில் ஈயாடவில்லை. எனக்கோ தலைகால் புரியவில்லை.

"கேட்டுக்கோ! நல்லாக் கேட்டுக்கோ!" என்று குதித்தேன். "கட்டுப்பாடு இல்லாதது அவளுக்கில்ல, உன் நாக்குக்கு!" அதோடு நிறுத்தியிருக்கலாம். ஜெயித்தது போதவில்லை, அவனை மண்ணைக் கவ்வ வைக்க வேண்டும் என்று இருந்தது. மகள் பக்கம் திரும்பினேன். "அம்மா வச்சா நீ காத்திருப்பல்ல? அப்பாகிட்டச் சொல்லு."

"ம். காத்திருப்பேன்."

"ஏன்னு சொல்லு."

"நீ கதவிடுக்குல நின்னு பார்த்துட்டே இருப்ப. உன் கண்ணு தெரியும்" என்றாள். "அன்னைக்குச் சாப்பிட்டப்ப நீ என்கூடப் பேசவே இல்ல. தூங்குறப்பக்கூடப் பேசல."

அந்த முதல் நாள் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். மறுநாள் அவள் அசையாமல் உட்கார்ந்ததைச் சுயக்கட்டுப்பாடு என்று நினைத்துத் தலையில் தூக்கி வைத்து ஆடினேன். அது வெறும் பயம். என்னைப் பார்த்து வந்த பயம்.

அவன் என்னைப் பார்த்தான். என் காலை வாரிவிட இதைவிட நல்ல சமயம் அவனுக்குக் கிடைக்காது. வாரவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"இப்போதைக்கு அவ உன்கிட்டயே இருக்கட்டும்" என்றான். "உனக்காக இல்ல. தெரிஞ்சுக்கோ."

"நீ திருந்திட்டன்னு நானும் நெனச்சுக்கல."

இரண்டாவது பிஸ்கட்டை அவள் கையில் வைத்தான். "அப்பா மாசா மாசம்..." என்று ஆரம்பித்தவன், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மீதியை விழுங்கினான். பிறகு போய்விட்டான். அவன் சொல்லாமல் விட்ட முதல் பொய் அதுவாகத்தான் இருக்கும்.

நாங்கள் படியிறங்கினோம். அவள் பிஸ்கட்டைத் தின்னவில்லை. உள்ளங்கையில் சாக்லேட் உருகி விரலிடுக்கில் வழிந்தது.

"சாப்பிடேன்டி" என்றேன்.

"இதுவும் டெஸ்டாம்மா?"

"இல்லடா. இது உனக்குத்தான்."

நம்பவில்லை. கீழே நின்று என் கண்களையே பார்த்தாள். கதவிடுக்கில் பார்த்துப் பழகிய அதே கண்கள்தானே. நான் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டேன். அறிவிப்புப் பலகையில் என் வகுப்புகளின் அட்டவணை தொங்கியது. திங்கட்கிழமை முதல் பாடம், குழந்தை வளர்ச்சி.

"அப்படியே நில்லு" என்றாள் பின்னாலிருந்து. "நான் சொல்ற வரைக்கும் திரும்பக் கூடாது."

நின்றேன். அப்புறம் பிஸ்கட் நொறுங்கும் சத்தம் கேட்டது. அது நின்ற பிறகும் அவள் ஒன்றும் சொல்லவில்லை. நான் திரும்பவில்லை.