ரூபியா வாங்காதவள்

காலை ஏழே கால். டிலி கடற்கரையில் என் மீன் விற்றுத் தீர்ந்துவிட்டது. என் நாத்தனார் எதெல்வினாவின் கம்பில் ஏழு மீன் கோர்வையும் அப்படியே தொங்கின.

நான் ரூபியா வாங்கினேன். அவள் வாங்கவில்லை. எங்கள் நாட்டை விட்டு இந்தோனேசியப் படை போய் மூன்று மாதம் ஆகிறது. அவர்களுடைய ரூபியா நோட்டு மட்டும் இன்னும் போகவில்லை.

"அக்கா, வெயில் ஏறுது. இன்னும் ஒரு மணி நேரம் போனா நாய்கூடச் சீண்டாது."

"நாய்க்கே போடறேன். அது அந்த நோட்டை நீட்டாதுல்ல?"

அந்தப் படையின் சிப்பாய்கள் அப்போது எங்களிடம்தான் மீன் வாங்குவார்கள். பேரம் பேச மாட்டார்கள். எண்ணி, சரியாகக் கொடுப்பார்கள். செப்டம்பரில் ஒரு காலை மீனுக்குப் பணம் கொடுத்துவிட்டு, வந்த வண்டியிலேயே என் கணவனை ஏற்றிக்கொண்டு போனார்கள். அவளுக்கு அவன் ஒரே தம்பி. அன்றைய தன் பங்கு நோட்டுகளை அவள் அடுப்பில் போட்டாள். நான் அரிசி வாங்கினேன். எனக்கு மூன்று பிள்ளைகள். அதைப் பற்றி நாங்கள் பேசியதில்லை.

ஒலிபெருக்கியோடு அபீலியோ வந்தான். எங்கள் தெருக்காரன், முன்பு வாத்தியார். இப்போது சாலைக்கு அந்தப் பக்கம், நாட்டை நடத்தும் வெளிநாட்டுக்காரர்களின் வெள்ளைக் கட்டடத்தில் வேலை.

"இனிமே நம்ம நாட்டுல டாலர்தான் காசு! எல்லாரும் டாலர்லதான் வாங்கணும், விக்கணும்!"

"கேட்டுச்சா?" எதெல்வினா எங்களைத் திரும்பிப் பார்த்தாள். "இந்தக் கரையில சட்டப்படி நடக்கறவ நான் ஒருத்திதான்."

அபீலியோ ஒலிபெருக்கியை இறக்கினான். ஒரு கோர்வையைத் தொட்டுப் பார்த்தான்.

"இதை எனக்குக் குடுங்கக்கா." பையிலிருந்து ரூபியாவை எடுத்தான்.

கரையே சிரித்தது. மீன்காரி ஒருத்தி, "வாத்தியாரே, பாடத்தை மறந்துட்டீங்களா?" என்றாள்.

"சம்பளமே இதுலதான் தர்றாங்க," என்றான் அவன், குரலைத் தாழ்த்தி.

எதெல்வினா சிரிக்கவில்லை. "நமக்குன்னு ஒரு காசு அடிக்க மாட்டாங்களா?"

"அதெல்லாம் வருஷக்கணக்கா ஆகும்க்கா. டாலர்தான் இப்போதைக்கு நல்லதாம்."

"யாருக்கு?"

அவன் மறுபடி நோட்டை நீட்டினான். அவள் கோர்வையை அவிழ்த்து நீட்டினாள். நோட்டைத் தள்ளிவிட்டாள்.

"அந்தக் குழாயைக் குடு. ஒரே ஒரு தடவை பேசிக்கறேன்."

"வேலை போயிடும்க்கா."

"அப்ப மீனை வெச்சிட்டுப் போ."

அவன் மீனைப் பார்த்தான். பிறகு ஒலிபெருக்கியைக் கொடுத்துவிட்டான்.

அவள் எங்கள் பக்கம் திரும்பவில்லை. வெள்ளைக் கட்டடத்தைப் பார்த்து நின்றாள். இடுப்பில் செருகியிருந்த என் நோட்டுகளின் மேல் நான் கையை வைத்துக்கொண்டேன்.

"உள்ள இருக்கறவங்களே! மீனு நாறப் போவுது. எங்க காசு எப்ப வரும்?"