கார்டு வயது

காலையில் பல் துலக்கித் துப்பியதும் பொன்னுத்துரை செய்கிற முதல் வேலை, குழாயடியில் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றி அந்தச் சிவப்பைக் கழுவிவிடுவது. மூன்று வாரமாக இப்படித்தான். ஈறில் ரத்தம். எங்கும் இடித்துக்கொள்ளாமலே கையிலும் தொடையிலும் நீலத் திட்டுகள். யார் பார்த்துவிடப் போகிறார்கள் என்று இவ்வளவு அவசரமாகக் கழுவினாரோ தெரியவில்லை. பார்க்க அங்கே ஆள் இல்லை.

சேரம்பாடிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் அது. தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் வரிசையாகப் பன்னிரண்டு வீடுகள். ஏழு பூட்டிக் கிடக்கின்றன. பிள்ளைகள் பனியன் கம்பெனி வேலைக்குக் கீழே இறங்கிப் போக, பெற்றவர்களும் பின்னாலேயே போய்விட்டார்கள். நான்கு வீடுகளில் ஜார்க்கண்டிலிருந்து வந்த தொழிலாளர்கள். நல்ல பிள்ளைகள்தான். அவர்களுக்குத் தமிழ் வராது, இவருக்கு இந்தி வராது. காலையில் ஒரு சிரிப்பு, மாலையில் ஒரு சிரிப்பு, அவ்வளவுதான் பழக்கம். மிச்சமிருக்கும் ஒரு வீட்டில் பொன்னுத்துரை. மனைவி சின்னம்மை போய் மூன்று வருடம் ஆகிறது. மகன் சுரேந்திரன் திருப்பூரிலிருந்து ஞாயிறு தவறாமல் போன் செய்வான்.

"சாப்ட்டீங்களாப்பா? மாத்திர போட்டீங்களா?"

"ஆச்சுப்பா."

"சரிப்பா, வெச்சிடறேன்."

கேட்க வேண்டியதைக் கேட்டாயிற்று என்ற நிம்மதி மகனுக்கு. ரத்தம் வருவதைச் சொல்ல இவருக்கும் வாய் வராது. சொன்னால் வந்து கூட்டிப் போவான். பத்துக்குப் பத்து அறையில் மருமகளுக்குப் பாரமாக இருக்க வேண்டும். அதற்கு இந்தத் தனிமையே தேவலை என்று நினைத்துக்கொள்வார். நினைத்துக்கொண்ட பிறகு அழுகை வரும், அது வேறு விஷயம்.

போன வருடம் நெஞ்சு படபடப்பு வந்தது. இதயத் துடிப்பு ஒழுங்காக இல்லை, ரத்தம் கட்டிப் பக்கவாதம் வரக்கூடும் என்று சொல்லி, ரத்தம் உறையாமலிருக்க ஒரு மாத்திரை கொடுத்தார்கள். அன்றிலிருந்து ஒரு வேளை தப்பாமல் விழுங்கி வருகிறார். ஒரு நாள் மலம் தார் மாதிரிக் கறுப்பாகப் போனபோதுதான் மனிதருக்குப் பயம் வந்தது. பஸ் ஏறி டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனார்.

அங்கே இருந்த டாக்டர் இந்துமதி கோயம்புத்தூர்ப் பக்கம். நிதானமான பெண். கண்ணிமையை விலக்கிப் பார்த்தார், கையிலிருந்த திட்டுகளைப் பார்த்தார், எடை போடச் சொன்னார். நாற்பத்தெட்டு கிலோ. ரத்தம் எடுத்து, சோதனை முடிவு வருவதற்குள் பதினோரு மணி ஆகிவிட்டது.

"ஏனுங்க ஐயா, கிட்னி வடிகட்ட வேண்டிய கழிவு ஒண்ணு ரத்தத்துல கொஞ்சம் ஏறியிருக்குதுங்க. ஒண்ணு புள்ளி ஆறு. ஆனா இந்த நம்பர மட்டும் வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. வயசும் எடையும் சேத்துக் கணக்குப் போட்டாத்தான் கிட்னி எவ்வளவு வேல செய்யுதுன்னு தெரியும். நீங்க போடற மாத்திர கிட்னி வழியாத்தான் வெளிய போகோணும். அது போகலீன்னா உடம்புலயே சேந்துக்கும். அப்ப ரத்தம் நிக்காது. வயசு சொல்லுங்க."

"அறுவத்தாறுங்க."

ஐம்பது வருடமாகச் சொல்லிப் பழகிய பொய். நாக்கு தானாகவே சொல்லிவிட்டது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நாலில், சிலோன் தோட்டத் தமிழர்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பியபோது, கப்பலேறிய பொன்னுத்துரைக்கு இருபத்து நாலு வயது. ஒல்லிப்பிச்சான் உடம்பு. திரும்புகிற குடும்பத்துக்கு ஒரு கார்டு, வயது வந்த பிள்ளைக்குத் தனிக் கார்டு. தனிக் கார்டு என்றால் தனியாக வேறெங்காவது அனுப்பிவிடுவார்களோ என்று பயந்து, அவருடைய அப்பா பதினாறு என்று எழுதிக் குடும்பக் கார்டில் சேர்த்துக்கொண்டார். பிள்ளையைப் பிரியக் கூடாது என்பதற்காகச் சொன்ன பொய்தான். அந்தக் கார்டைக் காட்டியே தோட்டத்தில் வேலை கிடைத்தது. அறுபதில் ஓய்வு என்று மற்றவர்கள் வீட்டுக்குப் போனார்கள். இவரோ உண்மையில் அறுபத்தெட்டு வயது வரைக்கும் மலைச்சரிவில் நின்று தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டினார். வயது விஷயம் வெளியே வந்தால் பென்ஷனைப் பிடுங்கிவிடுவார்கள், கேஸ் போடுவார்கள் என்று ஒரு காலத்தில் யாரோ சொன்னது மனத்தில் ஆணி அடித்த மாதிரி நின்றுவிட்டது. பெற்ற மகனுக்குக்கூடச் சொன்னதில்லை. உண்மை தெரிந்த ஒரே ஆள் சின்னம்மை. அவளும் போன பிறகு, இந்த மனிதரின் சரியான வயது தெரிந்த உயிர் உலகத்தில் ஒன்றுகூட இல்லை.

டாக்டர் கணக்குப் போட்டார். "முப்பத்தொண்ணு வருதுங்க. முப்பதுக்குக் கீழ போனா இந்த மாத்திரயே கூடாது. நீங்க விளிம்புல நிக்கறீங்க. வயித்துல புண்ணு இருக்குதான்னு பாத்துட்டு, கொஞ்ச நாள் கழிச்சு இதையே தொடரலாமான்னு யோசிக்கோணும். காப்பீட்டு அட்டை இருக்குதுங்களா?"

பொன்னுத்துரை பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அதில் சின்னம்மையின் பெயர் இன்னும் இருந்தது. எடுத்துவிடச் சொல்லி அவர் எங்கும் எழுதிக் கொடுக்கவில்லை. பெயராவது கூட இருக்கட்டுமே.

அட்டையைப் படித்த டாக்டர் சாதாரணமாகத்தான் கேட்டார். "உங்க சம்சாரம் உங்கள விட ஆறு வயசு மூத்தவங்களா?"

பக்கத்திலிருந்த நர்ஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

இந்தச் சிரிப்பு சின்னம்மைக்குப் புதிதல்ல. கல்யாணம் ஆன நாளிலிருந்து கொழுந்து நிறுக்கும் இடத்தில், ரேஷன் கடையில், ஓட்டுப் போடப் போன இடத்தில் எல்லாம் கேட்டதுதான். "பெரியக்காவக் கட்டிக்கிட்டான் பொன்னுத்துரை" என்று பெண்கள் கேலி செய்வார்கள். புருஷனை விட இரண்டு வயது இளையவள் அவள். ஒரு வார்த்தை மறுத்துப் பேசியதில்லை. பேசினால் அவர் மாட்டிக்கொள்வாரே! சிரித்துக்கொண்டே கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். சாகும் வரைக்கும் அந்தக் கேலியைச் சுமந்தாள். செத்த பிறகுமா?

"இல்ல தாயி," என்றார் பொன்னுத்துரை. "அவ என்னய விட சின்னவ. ரெண்டு வயசு சின்னவ. நாந்தான் பொய்யி. எனக்கு எழுவத்தி நாலு. கார்டுல உள்ளது பொய்க் கணக்கு. பென்சன நிப்பாட்டுனா நிப்பாட்டட்டும். இனிமே என்னால ஏலாது."

சிரித்த நர்ஸ் தலையைக் குனிந்துகொண்டார். டாக்டர் மறுபடியும் கணக்குப் போட்டார். இருபத்தேழு.

"ஐயா, உங்க பென்ஷன் வயச விசாரிக்கறது என்னோட வேல இல்லீங்க. அத நெனச்சு பயப்படாதீங்க. ஆனா இத இப்பவாச்சும் சொன்னீங்களே! இந்த மாத்திர இன்னியோட வேண்டாம். ரெண்டு நாள் இங்கயே படுங்க, ரத்தம் நிக்கட்டும். அப்புறம் உங்க கிட்னிக்கு ஒத்துக்கற வேற மருந்து தர்றேன். நீங்களா எதையும் நிறுத்தவும் கூடாது, சேத்தவும் கூடாது. மகனுக்குப் போன் பண்ணிச் சொல்லட்டுங்களா?"

"சொல்லுங்க," என்றார் பொன்னுத்துரை. தன் உடம்பு விஷயத்தை மகனிடம் சொல்லச் சொல்லி இதுவரைக்கும் அவர் யாரிடமும் கேட்டதில்லை.

சீட்டில் வயது என்ற இடத்தில் எழுபத்து நாலு என்று எழுதி அவர் கையில் கொடுத்தார்கள். அச்சடித்த தாளிலோ எழுதிய தாளிலோ, தன் சொந்த வயதை அவர் முதல் தடவையாகப் பார்த்தார். வார்டுக்குப் போகிற வழியில், ரத்தப் பரிசோதனை ஜன்னலுக்கு முன்னால் ஒரு பெஞ்சில் உட்கார வைத்தார்கள்.

ஜன்னலில் ராஜகுமாரி நின்றுகொண்டிருந்தாள். அடுத்த தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள். சின்னப் பிள்ளையாக அதே மாதிரிக் கப்பலில் வந்தவள்தான். சர்க்கரை வியாதி, கால் வீக்கம். உள்ளே இருந்தவர் வயது கேட்டார்.

"அம்பத்தெட்டு," என்றாள்.

அதுவும் கார்டு வயதுதான் என்று பொன்னுத்துரைக்குக் கேட்டதுமே தெரிந்துவிட்டது. ஊர் விஷயம் எதிலும் தலையிடாத மனிதர், பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"ராஜகுமாரி, இங்க பாரு தாயி. சம்பளத்துக்குக் கார்டு வயச வச்சிக்க. அதுக்கு நான் ஒண்ணும் சொல்லல. மருந்துக்கு மட்டும் ஒடம்பு வயசச் சொல்லு. டாக்டருகிட்ட வயசக் கொறச்சுச் சொன்னா, நம்ம கையால நாமளே வெசத்த அளந்து குடிக்கிற மாதிரி. நான் ஒரு வருசமா அப்பிடித்தான் குடிச்சேன்."

அவள் முன்னும் பின்னும் பார்த்தாள். வரிசையில் யாரும் அவளைக் கவனிக்கவில்லை. ஜன்னலுக்குள் தலையை நீட்டி, மெல்லச் சொன்னாள்.

"மாத்திக்கங்க சார். அறுவத்தி மூணு."