ஏழாவது மூட்டை

பயப்படுவதற்கு ஒரு போட்டி வைத்தால் முதல் பரிசு பம்புக்காரிக்குத்தான். நான் சொல்லவில்லை, அவள் புருஷன் மேஸ்திரி போகிற இடமெல்லாம் சொல்லிச் சிரிப்பது இது. இறங்கிப்போன கான்கிரீட் தளத்தை உடைக்காமல் தூக்கி நிறுத்துவது இரண்டு பேருக்கும் தொழில். அவர் தளத்தில் துளைகள் போட்டு, ஒன்றில் குழாயைச் செருகிவிட்டு, மட்டக்கோலும் கையுமாக நடுவில் மண்டியிட்டு உட்கார்ந்துகொள்வார். இவள் தெருவோரம் வண்டியருகே நின்று சிமெண்டையும் மண்ணையும் கூழாகக் கரைத்து பம்பை ஓட்டுவாள். அடியில் கூழ் நிரம்ப நிரம்ப, தளம் நூல் நூலாக மேலே வரும். கல்யாணமாகிப் பதினோரு வருஷம். அதில் ஒன்பது வருஷம் இந்த பம்போடுதான் குடித்தனம்.

அன்றைக்கு ஒரு வீட்டு வாசலில் கார் நிறுத்தும் தளம். ஒரு பக்கம் நாலு விரல் இறங்கியிருந்தது.

"ரெண்டு மூட்டை. மிஞ்சிப்போனா மூணு. மத்தியானச் சாப்பாடு வீட்லதான்" என்றார் மேஸ்திரி.

மூன்று மூட்டை போயிற்று. தளம் இம்மிகூட அசையவில்லை. நாலாவதைக் கரைத்து விட்டாள். அடி நிரம்பியிருந்தால் இந்நேரம் பம்பு முக்க வேண்டும். முக்கலையே காணோம். தாகம் பிடித்தவன் சொம்பைக் கவிழ்த்த மாதிரி மடமடவென்று போய்க்கொண்டே இருந்தது. பம்புக்காரிக்குப் புரிந்துவிட்டது. கூழ் தளத்துக்கு அடியில் நிற்கவில்லை, வேறெங்கோ போகிறது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள்.

போன மாசம் இப்படித்தான் ஏதோ சத்தம் கேட்டு பம்பை நிறுத்தினாள். கடைசியில் பார்த்தால் பூனை. அந்த வீட்டுக்காரர், எதிர்வீட்டுக்காரர் என்று எல்லாரையும் கூட்டிவைத்து, "பூனைக்குப் பயந்து வேலையை நிறுத்தின மகராசி" என்று நடித்தே காட்டினார் மனுஷன். அன்றைக்கு அவளுக்குப் பூமிக்குள் புகுந்துவிடலாம் போல இருந்தது. திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

ஐந்து போயிற்று. ஆறும் போயிற்று. அடுத்த மூட்டையின் கட்டை அவிழ்க்காமல் பம்பையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏன்டி, தூங்கிட்டியா? விடு, விடு!"

ஏழாவது மூட்டையில் பாதி போனதும் பம்பை நிறுத்திவிட்டாள்.

"யாரு நிறுத்தச் சொன்னது?"

"என்னங்க, பக்கத்து ஓட்டையில ஒரு சின்னக் கல்லு போடுங்களேன்."

"ஆரம்பிச்சுட்டியா!" என்றபடியே போட்டார்.

சத்தமே வரவில்லை. பிறகு வெகு கீழே எங்கோ தண்ணீரில் விழுந்தது கேட்டது. மேஸ்திரி சட்டென்று எழுந்திருக்கப் பார்த்தார்.

"எந்திரிக்காதீங்க! படுங்க! அப்படியே படுத்துடுங்க!"

தொண்டை கிழியக் கத்தினாள். ஒரு காலில் மொத்த எடையும் விழுந்தால் அவ்வளவுதான். அவருக்குக் கீழே நாலு அங்குல கான்கிரீட், அதற்குக் கீழே ஒன்றுமே இல்லை. மட்டக்கோலைப் போட்டுவிட்டு அவர் குப்புறப் படுத்தார்.

சத்தம் கேட்டு வீட்டுக்காரர் வாசற்படிக்கு ஓடி வந்தார்.

"கால வைக்காதீங்க சார்! இதுக்கு அடியில என்ன இருக்கு?"

"பழைய கழிவுத் தொட்டி ஒண்ணு... மண்ணு போட்டு மூடியாச்சுன்னு வீட்டை வித்தவர் சொன்னாரே."

மூடிய லட்சணம்! பம்புக்காரி வண்டியிலிருந்து ஏணியை உருவி, தெருப் பக்கத்திலிருந்து தளத்தின் மேலே தள்ளினாள். "சார், அந்த முனையைப் படிமேல ஏத்திப் பிடிச்சுக்குங்க. உசிரே போனாலும் விட்றாதீங்க!"

இந்த முனை தெருவில், அந்த முனை படியில். நடுவில் அவர்.

"ஏணியைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு ஊர்ந்து வாங்க. என்னையே பாருங்க."

அவர் ஊர்ந்தார். ஏணியில் இரண்டு படி, மூன்று படி. தளம் முனகியது. அவர் இடுப்புக்கு அருகே மயிரிழையாக ஒரு விரிசல் கிளம்பி ஓடியது. கடவுளே, இந்த மனுஷனை மட்டும் விட்டுடு, என்னை எத்தனை வேணும்னாலும் கேலி பண்ணட்டும் என்று மனசுக்குள் கதறினாள். விரிசல் வாயைப் பிளந்தது. பாதித் தளம் துளைபோடும் மிஷினோடு தடாலென்று உள்ளே போயிற்று. தூசி அடங்கியபோது மேஸ்திரி அவள் கைக்கெட்டும் தூரத்தில் ஏணியில் தொங்கிக்கொண்டிருந்தார், கால்கள் அந்தரத்தில். பாய்ந்து சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தாள். காலர் கிழிந்தது. அக்குளில் கைகொடுத்து மறுபடி இழுத்தாள். அவர் தெருவில் வந்து விழுந்தார்.

மூச்சு திரும்பியதும் பழைய குரலும் திரும்பிவிட்டது.

"பாத்தீங்களா சார்? கல்லு போடுங்கன்னா பாருங்க! இவ பயம்தான் என்னைக் காப்பாத்துச்சு. ஏழாவது மூட்டையிலயே கண்டுபிடிச்சுட்டா!"

அவள் சும்மா இருந்திருக்கலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை.

"நாலாவதுலயே தெரியும்" என்றாள்.

அவர் திரும்பினார். "அப்புறம் ஏன்டி சொல்லல?"

"சிரிப்பீங்கன்னு."

மேஸ்திரி அவள் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். அதுவரை நன்றாக இருந்த மனுஷனுக்கு அப்போதுதான் உடம்பெல்லாம் நடுங்க ஆரம்பித்தது.