கப்பலோடு பேரம்

என் அத்தான் கல்யாணத்தன்று மாப்பிள்ளைக் கோலத்திலேயே எழுந்து போய், நாற்காலிக்காரனிடம் வாடகையைக் குறைத்துவிட்டு வந்து அக்கா பக்கத்தில் உட்கார்ந்தவர். அப்படிப்பட்ட மனிதரைக் கொண்டுபோய்க் கடலில் விட்டால் என்ன பார்ப்பார்? கடலைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்ப்பார்.

எங்களுடையது துணி மொத்த வியாபாரம். முன்பக்கம் அத்தானின் வாய், கல்லாவில் அக்கா, கிடங்கில் நான். கல்லாவுக்கு எதிர்ச்சுவரில் ஏதோ ஒரு நூல் கம்பெனி கொடுத்த பழைய காலண்டர் தொங்கும். தேதித்தாள் எல்லாம் கிழிந்து தீர்ந்த பிறகும் அந்தப் படத்துக்காக அக்கா அதைக் கழற்ற விட்டதில்லை. நடுக்கடலில் ஒற்றையாக ஒரு மலை. உச்சியில் நெருப்பு. அதன் சிவப்பு கீழே தண்ணீர் வரைக்கும் வழிந்து கிடக்கும். ஊரில் உள்ள வாயெல்லாம் கேட்டுச் சலித்துப்போய் அவள் தலை நிமிர்ந்தால், கண்ணில் படுவது அந்த மலைதான்.

அத்தான் ஒருநாள் சொகுசுக் கப்பல் பயணத்தின் விளம்பரத் தாளோடு வந்தார். அக்கா அதில் இருந்த வரைபடத்தை விரலால் தடவிக்கொண்டே போய் ஓர் இடத்தில் நிறுத்தினாள்.

"கடைசி ஊர்லேருந்து கிளம்பற அன்னிக்கு சாயங்காலம் கப்பல் இந்த மலை பக்கமா போகுதாம். அதை மட்டும் நான் பாக்கணும். மத்ததெல்லாம் உங்க இஷ்டம்."

அவள் சொன்னதில் பின்பாதி மட்டும்தான் அத்தான் காதில் விழுந்தது.

அன்றிலிருந்து போனும் கையுமாக அலைந்தார். கப்பலில் எப்படி இருக்க வேண்டும், எதை எடுத்துப் போக வேண்டும், எதில் ஏமாறக் கூடாது என்று உலகத்தில் வேலையில்லாத அத்தனை பேரும் வீடியோ போட்டிருந்தார்கள், அத்தனையையும் பார்த்தார். முதல் யோசனைப்படி ஜன்னல் இல்லாத அறை எடுத்தார். "ரூமுங்கறது தூங்கறதுக்குத்தானே? கண்ணை மூடினப்புறம் ஜன்னல் எதுக்குங்கறேன்?" இரண்டாவது யோசனை நான். ஒரே அறையில் மூன்றாவது ஆள் சேர்ந்தால் அவருக்கு ஏறக்குறைய இலவசமாம். இலவசம் என்றால் என் அத்தான் எதையும் கூட்டிக்கொண்டு போவார், மச்சினனைக்கூட. கூரையிலிருந்து மடக்கி இறக்கும் ஒரு பலகையில், கல்யாணமான இரண்டு பேருக்கு நேர் மேலே, ஊறுகாய் ஜாடி மாதிரி என்னை வைத்தார்கள்.

நியாயத்தைச் சொல்ல வேண்டும். சில யோசனைகள் பலித்தன. கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் அறை எடுத்ததால் ஆட்டம் தெரியவில்லை. மேல்தளத்தில் பால்கனியோடு எடுத்த பெரிய மனிதர்கள் முதல் இரண்டு நாளும் வாளியைக் கட்டிக்கொண்டு கிடந்தார்கள். பெட்டி அறைக்கு வந்து சேர நேரமாகும் என்பதால் மாற்றுத்துணியைக் கைப்பையிலேயே வைத்திருந்தோம். அறைச் சுவர் இரும்பு என்று தெரிந்து காந்தக் கொக்கி கொண்டு வந்திருந்தார். அதில் அவருடைய ஈர பனியன்கள் என் மூக்குக்கு நேராகத் தொங்கின. பலிக்காத யோசனையும் உண்டு. பல பிளக் உள்ள எக்ஸ்டென்ஷன் பாக்ஸை ஏறும்போதே பிடுங்கிக்கொண்டார்கள், தீப்பிடிக்கும் பொருளாம். அத்தான் அந்தக் காவலாளியிடமும் விடவில்லை. "ரெண்டு ஓட்டையை மட்டும் உபயோகிச்சுக்கறேன். மிச்சத்தை டேப் போட்டு ஒட்டிடுங்க, என்ன சொல்றீங்க?"

சக பயணிகளைப் பற்றிச் சொல்லாமல் இருப்பதுதான் மரியாதை. ஆனாலும் சொல்கிறேன். விடியும் முன்னே எழுந்து நீச்சல் குளத்தைச் சுற்றியுள்ள சாய்வு நாற்காலிகளில் ஆளுக்கொரு செருப்பையும் தடிப் புத்தகத்தையும் போட்டு இடம் பிடித்துவிட்டுத் திரும்பவும் தூங்கப் போய்விடுவார்கள். மத்தியானம் வரை நாற்காலிகளில் செருப்புகள் வெயில் காயும், மனிதர்கள் நின்றுகொண்டிருப்பார்கள். வீட்டில் சர்க்கரைக்குப் பயந்து காபியை முகர்ந்து பார்த்துவிட்டு வைக்கிறவர்கள், இங்கே இறாலுக்கு மேல் கேக்கை வைத்து, அதற்கு மேல் முலாம்பழத்தைச் சாத்தி, சரியாமல் இருக்கக் கட்டைவிரலை முட்டுக்கொடுத்துக்கொண்டு போவார்கள். காசு கொடுத்தாயிற்றே! ஓர் ஓய்வுபெற்ற பெரிய அதிகாரி, அறை சுத்தம் செய்கிறவர் துண்டை மடித்துச் செய்துவைத்த குரங்கோடு நின்று படம் எடுத்துக்கொண்டார். படத்தில் எது அதிகாரி என்று அவர் மனைவியே தயங்கினாள்.

முதல் ஊரில் ஒரு வேடிக்கை நடந்தது. கப்பலுக்குத் திரும்ப வேண்டிய நேரத்தை இறங்கும்போதே பலகையில் எழுதிவைப்பார்கள். அந்த நேரம் கடந்ததும் ஜனங்கள் மேல்தளத்துக் கம்பியோரம் வந்து வரிசையாக நின்றுகொண்டார்கள். எதற்கு என்றால், தாமதமாக வருகிறவர்கள் துறைமுகத்தில் ஓடி வருவதைப் பார்க்க. கையில் குடிக்க ஏதாவது, மறுகையில் போன். ஒரு ஜோடி பையும் தொப்பியுமாக விழுந்தடித்துக்கொண்டு வந்தது. மேலே விசில், கைத்தட்டல், சிரிப்பு. அத்தான் தொண்டை கட்டும்வரை கத்தினார்.

"ஓடுடா ஓடு! தொந்தியைத் தூக்கிக்கிட்டு ஓடறான் பாரு! சோம்பேறிப் பசங்க!"

அந்த ஜோடி எப்படியோ ஏறிவிட்டது. அத்தானின் முகம் மாறியது. கல்லாப்பெட்டி திறக்கும் சத்தம் கேட்டவர் மாதிரி ஆனார்.

"பாத்தியா, ஏத்திக்கிட்டான்ல? அப்ப போர்டுல போட்டிருக்கிறது சொல்ற விலை. உள்ளுக்குள்ள குறைக்கறதுக்கு இடம் வச்சிருக்கான்."

"அத்தான், அது ஏறவேண்டிய நேரம். கப்பல் கிளம்பற நேரம் அதுக்கப்புறம். நடுவுல கொஞ்சம் விட்டிருக்காங்க, அவ்வளவுதான்."

"அதைத்தானே நானும் சொல்றேன்! அந்தக் கொஞ்சம் யாருக்கு? கேக்கத் தெரிஞ்சவனுக்கு."

அக்கா என் பக்கம் திரும்பினாள். கடைசி ஊர் என்றைக்கு என்று மட்டும் என்னிடம் கேட்டாள்.

அந்த நாளும் வந்தது. காலையிலேயே ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டார்கள்: அன்று மாலை மலையைக் கடக்கும் பொழுதுக்காகக் கப்பல் குறித்த நேரத்தில் கிளம்பும், யாருக்காகவும் நிற்காது. அக்கா அறையிலேயே தன் கைக்கடிகாரத்தைக் கப்பல் கடிகாரத்தோடு சரிபார்த்துக்கொண்டாள். இறங்கும்போது பலகையை இரண்டு தடவை படித்தாள். அவளிடம் இருந்த நல்ல புடவை ஒன்றைச் சாயங்காலத்துக்கென்று காந்தக் கொக்கியில் மாட்டிவைத்துவிட்டு வந்திருந்தாள்.

ஊர் சுற்றினோம் என்று சொல்ல முடியாது. அத்தான் இறங்கிய முதல் சந்திலேயே கம்பளக் கடை ஒன்று தென்பட்டது. அதோடு ஊர் முடிந்தது. கடைக்காரர் வழுக்கைத்தலை, கனத்த கண்ணாடி, அவசரமில்லாத ஆள். பாஷை தெரியாததால் இருவரும் கால்குலேட்டரில் பேசிக்கொண்டார்கள். அவர் ஒரு தொகையைத் தட்டிக் காட்டுவார். அத்தான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அதை அழித்துவிட்டு வேறொன்று தட்டுவார். கடைக்காரர் வானத்தைப் பார்ப்பார். சிவப்பும் நீலமுமாக ஒரு கம்பளத்தை விரித்துப் போட்டு, இருவரும் அதன் இரண்டு ஓரத்தில் மண்டியிட்டு, நூலைக் கிள்ளிப் பார்த்து, பழைய சிநேகிதர்கள் மாதிரி ஆகிவிட்டார்கள். சாப்பாட்டு நேரம் வந்தது, போனது.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. சரக்கெடுக்கப் போகும்போது புருஷன் பெண்டாட்டி சேர்ந்துதான் போவார்கள். பேரம் இறுகி நிற்கும்போது பெண்டாட்டி கோபமாக எழுந்து, 'இந்த விலைக்கு இது ஒன்றும் வேண்டாம்' என்று வெளியே நடப்பாள். புருஷன் தர்மசங்கடத்தில் நெளிவான். கடைக்காரன் பதறி இறங்கி வருவான். அக்கா நடந்த நடையில் எத்தனையோ மில் முதலாளிகள் இறங்கியிருக்கிறார்கள். அந்த நடைக்கு ஒரே விதிதான், கூப்பிட்டால் உடனே திரும்பக் கூடாது.

அக்கா மூன்றாவது தடவையாகக் கடிகாரத்தைக் காட்டினாள்.

"போதுங்க. கிளம்பலாம்."

"இரு இரு. படிஞ்சுக்கிட்டு வருது. இன்னும் நேரம் இருக்கு."

"போர்டுல போட்ட நேரம் வந்தாச்சு."

"போர்டுல போட்டது! நம்ம கடை போர்டுல போட்ட விலைக்கு நீ யாருக்காவது வித்திருக்கியா?"

"அது துணி. இது கப்பல்."

"விக்கறவன் எல்லாரும் ஒண்ணுதான்டி. வாடிக்கைக்காரனை விட்டுட்டு எந்தக் கடையும் கிளம்பிப் போகாது."

அக்கா அவரைப் பார்த்தாள். கம்பளத்தைப் பார்த்தாள். பிறகு எழுந்து, சேலையை உதறிக்கொண்டு, "நான் கப்பலுக்குப் போறேன். மலையைப் பாக்கணும்" என்று சொல்லிவிட்டு வாசலைத் தாண்டினாள்.

கடைக்காரரின் கண்ணாடி அவள் பின்னால் திரும்பியது. கால்குலேட்டரில் இருந்த விரல் முதல்முறையாகத் தடுமாறியது. அத்தான் தலையில் கைவைத்து உட்கார்ந்து, எனக்கு மட்டும் தெரியும்படி கண்ணடித்தார்.

"அத்தான், அவ நிஜமாவே போறா."

"ஏய், மெதுவா! அதான் வேணும். நீயும் போ. அப்பத்தான் இவன் நம்புவான்."

சொன்னபடி போனேன். கணவன் கட்டளையைத் தட்டியதாக அக்காவையும், அத்தான் பேச்சை மீறியதாக என்னையும் இன்றுவரை யாரும் குறை சொல்ல முடியாது.

அக்கா அத்தனை வேகமாக நடந்து நான் பார்த்ததில்லை. தெருமுனையில் பின்னாலிருந்து அவர் குரல் கேட்டது. "போதும், வா! இறங்கிட்டான்!" அக்கா திரும்பவில்லை. விதியை அவள் மீறுகிற ஆள் இல்லை.

கப்பல் வாசலில் எங்கள் அட்டையைத் தேய்த்த சீருடைப் பெண், "உங்கள் அறையில் மூன்றாவது ஆள்?" என்று சைகையில் கேட்டாள். அக்கா மடக்கிய விரல்களை ஆட்டிக் காட்டினாள், கால்குலேட்டர் தட்டுகிற மாதிரி. அந்தப் பெண் சிரிக்காமல் தலையாட்டினாள். இந்த வியாதிக்காரர்களை நிறையப் பார்த்திருப்பாள் போலிருக்கிறது. சிறிது நேரத்தில் அறைக்கு ஓர் ஆள் வந்தார். வராதவருடைய பாஸ்போர்ட்டையும் அவசியமான மருந்தையும் கொடுத்தால் துறைமுக முகவரிடம் விட்டுப் போவார்களாம். பயணம் முடியும் துறைமுகத்துக்கு அவர் தன் செலவில் வந்து சேரலாமாம். அக்கா பாஸ்போர்ட்டை எடுத்தாள், ரத்த அழுத்த மாத்திரையை எடுத்தாள், யோசித்து இரண்டு பனியன்களையும் கொக்கியிலிருந்து எடுத்துச் சேர்த்தாள். "இன்னும் காயலை. காத்துல காயட்டும்."

நாங்கள் மேல்தளத்துக்கு வந்தபோது கம்பியோரம் கூட்டம் சேர்ந்திருந்தது. கயிறுகளை அவிழ்த்துவிட்டார்கள். கப்பலுக்கும் கரைக்கும் நடுவே ஒரு கோடு தண்ணீர் தெரிந்து, அகலமாகிக்கொண்டே வந்தது. அப்போதுதான் துறைமுகத்தின் கோடியில் அத்தான் வந்தார்.

தோளில் சுருட்டிய கம்பளம். அதன் ஒரு முனை முன்னால் தலையாட்ட, மறுமுனை பின்னால் தரையைத் தட்ட, ஒரு கை அதைப் பிடித்துக்கொள்ள, ஒரு கை கப்பலை நிறுத்தச் சொல்லிக் காற்றைப் பிசைந்தது. மேலே விசில் பறந்தது. துண்டுக் குரங்கோடு படம் எடுத்த அதிகாரி போனை உயர்த்தி, "ஓடு ஓடு! மூட்டையைப் போட்டுட்டு ஓடு!" என்று கத்தினார். என் அத்தான் எதைப் போட்டாலும் போடுவார், மூட்டையைப் போடமாட்டார். விளிம்பு வரை வந்து நின்றார். எங்களை அடையாளம் கண்டுகொண்டார். இரண்டு கையையும் வாயருகில் குவித்து ஏதோ சொன்னார். அது என்ன என்று கேட்கவில்லை. கூட்டம் அவ்வளவு பலமாகக் கைதட்டியது.

அக்கா கைதட்டவில்லை. கையாட்டினாள். அது போய்விட்டு வருகிறேன் என்கிற சாதாரண ஆட்டம்தான்.

"போன் பண்ணுவார் அக்கா."

"கப்பல்ல போனை ஏரோப்ளேன் மோட்ல போட்டுடணும், இல்லன்னா பில்லு எகிறிடும்னு அவர்தானே சொன்னார்." பையிலிருந்த போனைக் காட்டினாள். அவர் யோசனைகளில் ஒன்றையும் அவள் மறந்திருக்கவில்லை.

பொழுது சாயும்போது ஒலிபெருக்கி மலை வருவதாகச் சொன்னது. எல்லோரும் ஒரு பக்கமாக வந்து குவிந்தார்கள். மலை வந்தது. ஆனால் இடுப்புக்கு மேல் மேகம். நெருப்பும் இல்லை, உச்சியும் இல்லை. நனைந்த மூட்டை மாதிரி ஏதோ ஒன்று கடலில் உட்கார்ந்திருந்தது. "இதுக்குத்தான் இவ்ளோ பில்டப்பா?" என்றது ஒரு குரல். "வீடியோல நல்லாத் தெரியுது" என்றது இன்னொன்று. ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கதவு திறந்த மணி கேட்டது. அவ்வளவுதான். மந்தை அப்படியே திரும்பி உள்ளே போனது. நாள் முழுக்க நாற்காலிகளைக் காவல் காத்த செருப்புகள்கூடப் போய்விட்டன.

அக்கா போகவில்லை. அந்த நல்ல புடவையில், கம்பியைப் பிடித்தபடி நின்றாள். பசிக்கிறதா என்று கேட்டேன். அவள் மலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கப்பல் மலையைச் சுற்றி மறுபக்கம் திரும்பியது. அந்தப் பக்கம் காற்று வேறு மாதிரி. மேகம் மெல்ல ஒரு ஓரமாக விலக, உச்சியில் அடுப்புக் கங்கு ஊதினமாதிரி ஒரு சிவப்பு விழித்தது. ஒருமுறை பொரிந்து மேலே எழும்பி, சரிவில் உருண்டு இறங்கி, தண்ணீர் வரைக்கும் வழிந்தது.

"காலண்டர்ல மேல கொஞ்சம் மஞ்சள் அடிச்சிருப்பான்," என்றாள் அக்கா. "அது பொய். சிவப்புதான்." கன்னத்தைத் துடைத்துக்கொண்டாள். "சிவப்புதான்டா."

கண்ணாடிக்குப் பின்னால், வெளிச்சமான சாப்பாட்டுக் கூடத்தில், நாட்டு மக்கள் இறாலுக்கு மேல் கேக்கை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் தலை நிமிரவில்லை.

பயணம் முடிந்த துறைமுகத்தில் அத்தான் எங்களுக்கு முன்னே வந்து நின்றிருந்தார். ரயிலும் பஸ்ஸுமாக மாறி வந்தவர், சட்டை கசங்கி, தாடி முளைத்து, கம்பளத்தைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு. திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் முகமெல்லாம் பல்.

"நான் சொன்ன விலைக்கே கொடுத்தான்டி! நீ வாசலைத் தாண்டினதும் ஆள் ஆடிப்போயிட்டான். இத்தனை வருஷத்துல இந்த மாதிரி ஒரு நடை நீ நடந்ததே இல்லை. தெருமுனையில கூப்பிட்டப்பகூடத் திரும்பலை பாரு, அங்க நிக்கறே நீ!" என் பக்கம் திரும்பினார். "என்ன நடிப்புடா உங்கக்காவுக்கு!"

அக்கா கம்பளத்தின் ஓரத்தைப் புரட்டி, நூலைக் கிள்ளிப் பார்த்தாள்.

"அடுத்த தடவை இன்னும் சீக்கிரமாவே எழுந்து நடக்கறேன்," என்றாள்.

"அதேதான்! அதைத்தான் நானும் சொல்ல வந்தேன்," என்றார் அத்தான்.