கடைசியாக வருபவரின் கட்டில்

நான் குறட்டை விடுவேன். இதை ஒப்புக்கொள்ள எனக்குப் பல வருடங்கள் ஆயின. தெரிந்தவர்கள் எல்லோரும் ஒரே குரலில் சொல்லும்போது நான் ஒருவன் மட்டும் மறுத்து என்ன ஆகப்போகிறது?

டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறேன். பகல் முழுக்க பிரேக், பிரேக் என்று கத்துகிற தொண்டை ராத்திரியிலும் ஓயமாட்டேன் என்கிறது என்பது என் மனைவியின் கட்சி. மகள் வேலை கிடைத்து வெளியூர் போனதும் மனைவி முதல் வேலையாகத் தலையணையைத் தூக்கிக்கொண்டு மகளின் அறைக்குக் குடிபோய்விட்டாள். போனவள் கதவைச் சாத்திக்கொண்டாளா என்றால், அதுவும் இல்லை. இரண்டு அறைக் கதவுகளும் விடிய விடியத் திறந்தே கிடக்கவேண்டும். "சத்தம் தாங்கலன்னுதானே அங்க போன? கதவைச் சாத்திட்டு நிம்மதியா தூங்கேன்" என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். "காத்து வரட்டும்" என்பாள். என்னைக் குத்திக்காட்டத்தான் அப்படிச் செய்கிறாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வருடா வருடம் குளிர் விட்டு, புல் புதிதாகத் தலைதூக்கும் வாரத்தில் நாங்கள் நான்கு பேர் கோல்ஃப் ஆடப் போவோம். உடனே எங்களைப் பெரிய மனிதர்கள் என்று எண்ணிவிட வேண்டாம். எங்கள் மட்டைகள் எல்லாம் யாரோ கழித்துக்கட்டியவை. ஊரைத் தாண்டி ஒரு மைதானம், அதை ஒட்டி ஒரு சின்ன விடுதி. சனிக்கிழமை ஆட்டம், ராத்திரி தங்கல், ஞாயிற்றுக்கிழமை இன்னொரு ஆட்டம், வீடு. அவ்வளவுதான் எங்கள் சுற்றுலா.

நான்கு பேரில் ஒருவன் மருந்துக்கடை வைத்திருப்பவன். இன்னொருவன் வாத்தியார், பந்து புதருக்குள் போனால்கூட அதற்கு ஒரு விளக்கம் கொடுப்பான். மூன்றாவது ஆள் என் தங்கையின் கணவர், மாப்பிள்ளை. வயதில் எனக்குச் சின்னவர்தான். ஆனால் தங்கையைக் கட்டியவர் ஆயிற்றே, வாங்க போங்க என்றுதான் பேசவேண்டும். கோபம் வந்தாலும் மரியாதையோடுதான் திட்டவேண்டும். என் மாதிரி ஆளுக்கு அது எவ்வளவு பெரிய அவஸ்தை என்று சொல்லித் தெரியவேண்டியதில்லை.

மாப்பிள்ளைக்குக் குளிர்பதனக் கிடங்கில் வேலை. பழமும் காயும் மலைபோல் அடுக்கியிருக்கும் கிடங்கு அது. வீடும் அதன் மதிலை ஒட்டியே. அங்கே இயந்திரங்கள் இரவு பகலாக உறுமிக்கொண்டிருக்கும். நாங்கள் ஒருநாள் அங்கே தங்கினால் மறுநாள் தலையைப் பிடித்துக்கொண்டு திரும்புவோம். மாப்பிள்ளை அந்த உறுமலில்தான் குழந்தைபோல் தூங்குவார். அது நின்றால்தான் படுக்கையில் எழுந்து உட்கார்ந்துகொள்வார் என்று தங்கை சொல்லிச் சிரிப்பாள்.

விடுதியில் எப்போதும் இரண்டு அறைகள் எடுப்போம், அறைக்கு இரண்டு கட்டில். அதில்தான் எங்கள் பந்தயமே இருந்தது. கோல்ஃபில் எத்தனை குறைவான அடிகளில் பந்தை ஒவ்வொரு குழியிலும் போடுகிறோமோ அவ்வளவு நல்லது. சனிக்கிழமை ஆட்டத்தில் அதிக அடி அடித்துக் கடைசியாக வருபவர் ராத்திரி என் அறையில் படுக்கவேண்டும். மருந்துக்கடைக்காரன் அதற்காகவே காதில் வைக்கிற பஞ்சு உருண்டைகளைக் கடையிலிருந்து கொண்டுவருவான். முதல் பரிசு என்று ஒன்று எங்களிடம் கிடையாது. அந்தக் கட்டிலிலிருந்து தப்பிப்பதே பரிசு.

அந்தத் தண்டனை வருடம் தவறாமல் மாப்பிள்ளைக்கே போகும். பாவம், ஆட்டம் வரவில்லை என்று நாங்கள் எல்லோரும் முடிவு கட்டியிருந்தோம். பாதி தூரம் ஒழுங்காக வருவார். அப்புறம் ஒரு முழம் தள்ளி இருக்கிற குழிக்குள் பந்தை உருட்டிவிடத் தெரியாமல் அந்தப் பக்கம் ஒரு தடவை, இந்தப் பக்கம் ஒரு தடவை தட்டிக்கொண்டிருப்பார். நான் கடைசியாக வந்ததே இல்லை என்பதையும் இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

நானும் எல்லோரோடும் சேர்ந்து சிரித்தவன்தான். ஆனால் போன வருடம் விடுதியில் டீ கொண்டுவந்த அம்மா, "ராத்திரி கரண்ட் போச்சா, ஜெனரேட்டர் ஓடின மாதிரி இருந்துச்சே" என்று கேட்டாள். மற்ற இருவரும் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். எனக்கு முகம் சுண்டிப்போய்விட்டது. கட்டிய மனைவிக்கு வேண்டாம், நண்பர்களுக்கு நான் தண்டனை. எந்த மனிதனுக்குத்தான் வலிக்காது?

அதனால் இந்த வருடம் யாரிடமும் சொல்லாமல் என் பெயரில் தனியாக ஒரு அறை எடுத்துவிட்டேன். முதல் குழியில் ஆட்டம் தொடங்குமுன் சாவியை எடுத்து ஆட்டிக் காட்டினேன்.

"இனிமே யாருக்கும் தண்டனை கிடையாது. ஐயா தனி ரூம்."

வாத்தியார் கையெடுத்துக் கும்பிட்டான். மருந்துக்கடைக்காரன், "இந்தப் பஞ்சையெல்லாம் நான் இப்ப யார்கிட்ட விக்கிறது?" என்றான். மாப்பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை.

"எதுக்கு மச்சான் வெட்டிச் செலவு? எப்பவும் போல இருந்துக்கலாமே."

"உங்களுக்குத்தான் மாப்ள முதல்ல விடுதலை. சந்தோஷப்படுவீங்களா, மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு நிக்கறீங்களே."

மாப்பிள்ளை பையிலிருந்து மட்டையை உருவினார். மனம் எங்கோ இருக்க, பந்தைச் சரியாகக்கூடப் பார்க்காமல் அடித்தார். அது நூல் பிடித்தாற்போல் நேராகப் போய்ப் புல்வெளியின் நடுவில் விழுந்தது. வாத்தியார் குருட்டு அதிர்ஷ்டம் என்றான்.

இரண்டாவது குழியிலும் அப்படியே. மணல் பள்ளத்தில் விழுந்த பந்தை ஒரே அடியில் மேலே எடுத்தார். குழிக்கு நாலைந்து முழம் தள்ளியிருந்த பந்தைத் தட்டிவிட்டு, அது உள்ளே விழுந்ததைக்கூடப் பார்க்காமல் மைதானத்தின் கோடியில் தெரிந்த விடுதியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பாதி ஆட்டம் முடியும்போது எங்கள் எல்லோரையும் விட முன்னால் இருந்தார். அது அவருக்கே தெரிந்ததாகத் தோன்றவில்லை.

என் தொழிலில் ஒன்று உண்டு. வேறு எங்கோ கற்றுக்கொண்டு டெஸ்டில் தோற்றுவிட்டு, ஒன்றும் தெரியாத பிள்ளைபோல் என்னிடம் வருவார்கள். கியர் மாற்றும்போதே பிடித்துவிடுவேன். கைக்குத் தெரிந்ததை ஒளித்துவைக்க முடியாது. அப்படிப்பட்ட நான் மாப்பிள்ளையை இத்தனை வருடம் கோட்டை விட்டிருக்கிறேன். ஜெயித்துக்கொண்டிருக்கிறவன் எதிராளியின் கையை எங்கே பார்க்கப்போகிறான்!

இந்த மனுஷன் வேண்டுமென்றே தோற்றிருக்கிறார். தோற்க வேண்டிய அவசியம் இல்லாத இன்றைக்கு, வேறு யோசனையில் தோற்க மறந்துவிட்டார். புரிந்ததும் எனக்குச் சுர்ரென்று ஏறியது. பாவம், இவனோடு படுக்க ஆள் இல்லையே என்று எனக்குப் பிச்சை போட்டிருக்கிறார் என்றுதான் அப்போது தோன்றியது.

வாத்தியாரின் பந்து வேலியோரப் புதருக்குள் போயிற்று. அவனும் மருந்துக்கடைக்காரனும் தேடப் போனார்கள். தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையின் எதிரில் போய் நின்றேன்.

"உண்மையச் சொல்லுங்க. இத்தனை வருஷமா வேணும்னுதானே தோத்தீங்க?"

அவர் பந்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்மேல பரிதாபமா? யார் கேட்டா உங்க பரிதாபத்த? ஊர் சிரிக்கிறது பத்தாதுன்னு நீங்க வேற தர்மம் பண்றீங்களா?"

"பரிதாபமில்ல மச்சான். பயம்."

"என்ன பயம்?"

"மொத வருஷம் நான் நிஜமாவேதான் தோத்தேன். உங்க சத்தத்துல எனக்கு நல்லாவே தூக்கம் வந்துச்சு. கிடங்குல படுத்த மாதிரி இருந்துச்சு. திடீர்னு முழிப்பு வந்துருச்சு. என்னடான்னு பாத்தா, சத்தம் நின்னுபோச்சு." அவர் பந்தைக் கையில் உருட்டிக்கொண்டே பேசினார். "சரி, திரும்பிப் படுத்திருப்பீங்கன்னு நெனச்சேன். லைட்டப் போட்டா மல்லாக்கப் படுத்திருக்கீங்க. நெஞ்சு அசையல. மூச்சே இல்ல மச்சான். புடிச்சு உலுக்கினேன். ஒரு கெட்ட வார்த்தை சொல்லிட்டு மூச்ச இழுத்தீங்க. கொஞ்ச நேரத்துல மறுபடியும் நின்னுச்சு."

எனக்கு அந்த ராத்திரி எதுவும் நினைவில்லை. நினைவிலிருந்தது மறுநாள் காலைதான். ஒரு டாக்டரைப் பாருங்களேன் மச்சான் என்று டீக் கோப்பையோடு வந்து நின்றவரை, "மூச்சு விடறதுக்கும் லைசென்ஸ் எடுக்கணுமா?" என்று கேட்டு வாயடைத்திருந்தேன். அடுத்த வருடமும் அவர் கேட்டார். நானும் அதே பதிலைச் சொல்லியிருந்தேன், நல்ல நகைச்சுவை என்ற நினைப்பில்.

"அவங்க ரெண்டு பேரும் காதுல பஞ்ச வச்சிக்கிட்டுத் தூங்கிடுவாங்க. சத்தம் நின்னா யாருக்குத் தெரியும்? எனக்குன்னா தானா முழிப்பு வந்துரும். அதான் அந்தக் கட்டில் எனக்கே வரட்டும்னு பாத்துக்கிட்டேன்."

"அப்ப மத்த நாளெல்லாம்? வீட்டுல தினமும் தனியாத்தானே படுக்கறேன், இன்னும் உயிரோடதானே இருக்கேன்?" குரலை உயர்த்தித்தான் கேட்டேன். ஆனால் பழைய வேகம் அதில் இல்லை.

மாப்பிள்ளை என்னை நிமிர்ந்து பார்த்தார். "தனியாவா? அக்கா கதவச் சாத்திட்டா தூங்கறாங்க?"

நான் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

"பக்கத்துல படுத்தா சத்தத்துல அவங்களுக்குக் கண்ணே அசரல. அதான் அடுத்த ரூமுக்குப் போனாங்க. ஆனா காது இங்கதான் இருக்கும். நின்னா எழுந்து வந்து உங்களப் பொரட்டிப் படுக்க வைப்பாங்க. நாம கிளம்பறதுக்கு முன்னாடி வருஷா வருஷம் எனக்குப் போன் வரும், 'தம்பி, அவர் கூட நீங்கதானே படுக்கறீங்க?'ன்னு. உங்ககிட்ட சொன்னா சண்டைக்கு வருவீங்களாம்."

வருவேன்தான். காற்று வரட்டும் என்று அவள் சொன்னதெல்லாம் எனக்கு வரவேண்டிய காற்றைப் பற்றித்தான் என்று அப்போதுதான் உறைத்தது. காலையில் கண் சிவந்து அடுப்படியில் நிற்பவளிடம், "உனக்கென்ன, தனி ரூம்ல சொகமான தூக்கம்" என்று சொல்லியிருக்கிறேன். அவள் பாட்டுக்குக் காபி கலந்துகொண்டிருப்பாள். எனக்கு அழுகை வந்தது. குழாயைத் திறந்து முகத்தைக் கழுவிக்கொண்டேன்.

பந்து கிடைத்துவிட்டது என்று வாத்தியார் புதரிலிருந்து கூவினான். மாப்பிள்ளை எழுந்தார். "இன்னைக்கு ராத்திரி மட்டும் உங்க ரூம் கதவத் தாழ் போடாதீங்க மச்சான். நான் வெளில வராண்டாவுல சேர் போட்டு உக்காந்துக்கறேன்" என்றார். சர்வசாதாரணமாகச் சொன்னார்.

கடைசிக் குழிக்கு வந்தோம். அங்கே பந்தை ஒரு குளத்துக்கு மேலாகத் தாண்டி அடிக்கவேண்டும். அதுவரை மாப்பிள்ளை முதல், நான் இரண்டாவது, மருந்துக்கடைக்காரன் மூன்றாவது, வாத்தியார் கடைசி. மாப்பிள்ளையைக் கூப்பிட்டு, என் அறைக்கே வந்துவிடுங்கள் என்று சொல்ல நினைத்தேன். ஒரு வரிதான். வாய் வரவில்லை. பிறரை அதட்டியே பழகிய வாய்க்குக் கேட்கத் தெரியவில்லை.

என் பந்தை வைத்தேன். குளத்தைப் பார்த்து மெதுவாகத் தட்டினேன். டுபுக் என்று உள்ளே போயிற்று.

"அடடா" என்றான் வாத்தியார். தண்ணீரில் விழுந்தால் ஓரடி அபராதம், அதே இடத்திலிருந்து மறுபடி அடிக்கவேண்டும். இன்னொரு பந்தை எடுத்தேன். அதுவும் குளத்துக்கே போயிற்று. மூன்றாவதும்.

"என்னப்பா ஆச்சு உனக்கு? மீனுக்குப் பொரி போடறியா?" என்றான் மருந்துக்கடைக்காரன்.

பை காலியாகும்வரை போட்டேன். பிறகு வாத்தியாரிடம் ஒரு பந்தைக் கடன் வாங்கி, அதை மட்டும் குளத்தைத் தாண்டி அடித்து ஆட்டத்தை முடித்தேன். வாத்தியாருக்குத் தன் கண்ணையே நம்ப முடியவில்லை. அவன் கடைசியிலிருந்து மேலே வந்துவிட்டான். நான் வாழ்க்கையில் முதல்முறையாகக் கடைசி.

"குறட்டைக்காரனே கடைசியா வந்தா யார் கூடப் படுக்கறது? அதுக்கு ரூல் இல்லையே" என்றான் வாத்தியார்.

"இருக்கு. மொதல்ல வந்தவர் கூடப் படுக்கணும்" என்றேன். தனி அறைச் சாவியை எடுத்து அவர்கள் இருவருக்கும் நடுவில் நீட்டினேன். "இது யாருக்குன்னு நீங்க அடிச்சிக்கங்க." அடித்துக்கொள்ளவே ஆரம்பித்தார்கள்.

மாப்பிள்ளை என் மட்டைப் பையையும் சேர்த்துத் தோளில் போட்டுக்கொண்டார். நான் கொஞ்சம் பின்தங்கி மனைவிக்குப் போன் போட்டேன்.

"என்ன, இந்நேரத்துல? ஜெயிச்சிட்டீங்களா?"

"தோத்துட்டேன். கேளு. திங்கக்கிழமை டாக்டர்கிட்ட போறோம். நீயும் வரணும். தூக்கத்துல நான் என்ன பண்றேன்னு எனக்குத் தெரியாது, உனக்குத்தான் தெரியும்."

லைன் போய்விட்டதோ என்று போனை எடுத்துப் பார்த்தேன், போகவில்லை.

"இன்னைக்கு ராத்திரியாவது கதவைச் சாத்திட்டுத் தூங்கு" என்றேன்.

"நீங்க எங்க படுக்கறீங்க?" என்றாள்.

"மாப்ள ரூம்ல."

"அப்ப சரி, சாத்திக்கறேன்" என்றாள்.